நூல் சுற்றிய மோதிரம்

குழந்தைக்குத் தீபாவளிப் பரிசாகத் தங்கம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. தங்கத்தின் மேல் கோபம் ஏதும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு அது விதை வாங்கித் தந்திருக்கிறது, கடன் அடைத்திருக்கிறது, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறது. அதைக் குழந்தையின் கையில் வைத்து “இது உனக்குத்தான்” என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சைத்தான் நம்பமுடியவில்லை. எட்டு வயதில் வந்த சந்தேகம். இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் அதுவும் இல்லை. அம்மாவின் தம்பி மதுரையில் மில்லில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு முந்தின நாள் போனஸை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்து வருவார். 1970களின் நடுவில் ஒரு தீபாவளிக்கு அவர் சட்டைப் பையிலிருந்து ரோஸ் காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. தெற்கு ஆவணி மூல வீதியில் எடுத்த மோதிரம். இரண்டு கிராம் இருக்கும். பவுன் 500 ரூபாய்க்குள் விற்ற காலம்தான், ஆனாலும் மில் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு அழுதாள். அப்பா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பத்தா உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாரும் பார்த்து முடித்த பிறகுதான் என்னிடம் வந்தது.

விரலில் போட்டதும் கழன்று விழுந்தது.

“வளர்ற பிள்ளைதானக்கா, பெருசாத்தான் எடுக்கணும்” என்றார் மாமா. அப்பத்தா சிவப்பு நூலைக் கொண்டுவந்து, விரலுக்கு இறுகும்வரை மோதிரத்தின் அடிப்பக்கத்தில் சுற்றினாள். பாதி மோதிரம் நூலுக்குள் மறைந்துபோனது. விடியற்காலைக் குளியலில் அந்த நூல் நல்லெண்ணெயைக் குடித்து, சீயக்காயையும் பிடித்து வைத்துக்கொண்டது. அன்று முழுக்க அதிரசத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் சீயக்காய் வாடைதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அன்றைய என் தீபாவளி முழுவதையும் அந்த மோதிரம் எடுத்துக்கொண்டது. மருந்து பட்டால் மங்கிப்போகும் என்று ஓலைவெடி, லட்சுமி வெடி எதையும் தொடவிடவில்லை. கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூடாது. கிளித்தட்டு விளையாடினால் விரலிலிருந்து தெறித்துவிடும். என் தம்பிக்கு அந்த வருஷம் நகை கிடையாது. அவன் தரைச்சக்கரத்தைக் காலால் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தான். நான் விரல்களை மடக்கி முஷ்டி பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிற ஒவ்வொருத்தியும் நின்று, “எங்க காட்டு தாயி... மாமா போட்டதா? எத்தனை கிராம்?” என்று கேட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து கால்மணிக்கு ஒருதரம் குரல் கொடுத்தாள். “மோதிரம் இருக்காடி?” இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டுவேன். அன்று யாரும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதாக நினைவில்லை.

பொழுது சாய்ந்ததும் அம்மா நூலை அறுத்து, மோதிரத்தை மறுபடி ரோஸ் காகிதத்தில் மடித்து, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். பெட்டி மூடிய சத்தம் கேட்ட மறுநிமிஷம் நான் வாசலில் சாட்டையைக் கொளுத்தி ஆட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தீபாவளி அப்போதுதான் தொடங்கியது.

அதே தீபாவளிக்கு இன்னொரு பரிசும் வந்தது. என் சித்தப்பா, பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். கல்யாணம் ஆகாதவர், கையில் காசு நிற்காது. அன்று ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, பழைய விசில் ஒன்றையும் டிக்கெட் கிழித்து முடித்த அடிக்கட்டைகள் சிலவற்றையும் என்னிடம் கொடுத்தார். மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் பஸ் ஓடியது. இரண்டு துண்டுகளை முடிச்சுப் போட்டு, அதற்குள் ஏழெட்டுப் பிள்ளைகளை நிறுத்தி, திருமங்கலம், கப்பலூர், திருப்பரங்குன்றம், பெரியார் நிலையம் என்று நான் கூவ, தம்பி டிரைவராக முன்னால் ஓடுவான். ஒரு விசிலுக்கு நிற்க வேண்டும், இரண்டு விசிலுக்குக் கிளம்ப வேண்டும். என்னைவிடப் பெரிய பையன்கள் என் விசிலுக்கு நின்றார்கள். அந்த விசிலை நான் தொலைத்தேன், தேடினேன், கண்டெடுத்தேன், இரவல் கொடுத்தேன், திருப்பி வாங்கச் சண்டை போட்டேன். அது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அது என்னுடையது.

மோதிரம் யாருடையது என்பது இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. எங்கள் பக்கம் நல்லது கெட்டதுக்குச் செய்கிற செய்முறையை நோட்டுப் போட்டு எழுதிவைப்பார்கள். மொய் நோட்டை எடுத்துப் படிக்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் வந்திருந்தது. மாமாவின் பெயருக்கு நேரே, என் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், “தீபாவளிக்கு மோதிரம் 2 கிராம்” என்று இருந்தது. மாமாவுக்குக் கல்யாணமாகி மகள் பிறந்து, குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தியபோது, அப்பா அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார். இரண்டு கிராமுக்குக் குறையக்கூடாது, கூட இருந்தால் கௌரவம். பருத்தி விலை விழுந்திருந்த வருஷம் அது. அம்மாவும் அப்பாவும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் வட்டிக்கு வாங்கி ஒரு ஜோடி கம்மல் எடுத்தோம். மாமாவின் மகளோ ஆசாரி ஊசியை எடுத்ததும் போட்ட கூச்சலில் கம்மலையும் பார்க்கவில்லை, அதைப் போட்ட அத்தையையும் பார்க்கவில்லை. வாயில் திணித்த வாழைப்பழத்தைத் துப்பிவிட்டு, கோயில் வாசலில் விற்ற பலூனைக் கேட்டு அழுதாள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை நான் குறைத்துப் பேசவில்லை. பேங்க் பக்கமே போகாத குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கி நின்றது இதனால்தான். பெரியவர்களுக்குள் நடக்கிற கணக்கு அது, நியாயமான கணக்கு. அதை எழுதுவதற்குக் குழந்தையின் காதும் விரலும் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

காதும் விரலும் மட்டுமில்லை, கழுத்தும்தான். சித்திரைத் திருவிழாவுக்கு எங்களை மதுரைக்கு அழைத்துப்போவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக்குள் சனம் நெருக்கியடிக்கும். போலீஸ் ஒலிபெருக்கியில் நகைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் கழுத்தில் நகை போட்டிருந்தால் கவனம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வருஷம் என் கழுத்தில் அக்காவின் மெல்லிய சங்கிலி. திருவிழாவுக்கு வெறுங்கழுத்தோடு போகக்கூடாதாம். அம்மா அதைப் பாவாடைச் சட்டையோடு ஊக்கு வைத்துக் குத்தி, போதாதென்று என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தங்கக் குதிரை வருகிறது என்று கூட்டம் சத்தம் போட்டது. அம்மாவின் முழங்கையும் யாரோ ஒருவரின் முதுகும் தவிர நான் ஒன்றும் பார்க்கவில்லை. தம்பி அப்பாவின் தோளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீடு வரும்வரை கதை சொன்னான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆசாரித் தாத்தா இருந்தார். கம்மல் திருகாணி தொலைந்தால் அவரிடம்தான் ஓடுவோம். திருகாணி தொலைவது எங்கள் வீட்டில் மாதாந்திர வழக்கம். கூட்டிய குப்பையை முறத்தில் போட்டுப் புடைத்து, அரிசியைக் கொட்டிப் பார்த்து, தம்பியின் வாயைத் திறந்து பார்த்து, அதுவும் இல்லையென்றான பிறகு தாத்தாவிடம் போவோம். அவர் குமட்டி அடுப்பை ஊதிக்கொண்டே பேசுவார். 1963இல் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று உத்தரவு வந்ததும், பட்டறையை மூடிவிட்டுக் கொத்தனாருக்குச் சித்தாளாகப் போனதை அவர் சொல்லும்போது ஊதுகுழல் கையில் அப்படியே நிற்கும். சனங்களின் தங்க ஆசையைக் குறைக்கப் போட்ட உத்தரவு அது. ஆசை குறையவில்லை, ஆசாரிகளின் அடுப்புதான் அணைந்தது. பிறகு 1968இல் தனிச் சட்டமே வந்து, 1990 வரை இருந்தது.

சின்ன நகையைப் பற்றி அவர் அப்போதே சொல்லுவார். “பெரிய சங்கிலில சேதாரம் தெரியாது தாயி. பிள்ளைக நகைலதான் சேதாரம் தங்கத்தையே திங்கும்.” பொடி வைத்து ஊதி ஒட்டவேண்டிய இடங்கள் சின்ன நகையில் எடைக்கு மீறி அதிகம். வேலையும் அதிகம். இன்றைக்கும் கணக்கு மாறவில்லை. பவுன் 90,000 ரூபாய் என்றால் ஒரு கிராம் 11,250. குழந்தை மோதிரம் ஒரு கிராமில் எடுத்து, சேதாரம் 15 சதவீதம் வைத்து, அதன்மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 13,300 ரூபாயைத் தாண்டுகிறது. கடை வாசலைத் தாண்டித் திரும்பி வந்து விற்றால் அதிகபட்சம் தங்கத்தின் விலை கிடைக்கும். கல் வைத்த கம்மலானால் கல்லின் எடையையும் கழிப்பார்கள். 2021இல் ஹால்மார்க் முத்திரையைக் கட்டாயமாக்கினார்களே, 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பச்சைக் குழந்தைக்கு எடுக்கும் மோதிரமும் கம்மலும் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான் அடங்கும்.

என் மோதிரத்துக்கு வருகிறேன். எனக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வயது. பருத்தி காய் பிடிக்கிற நேரத்தில் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துபோனது. நாலு நாள் தண்ணீர் இல்லையென்றால் செடி வாடிவிடும். அம்மா பெட்டியைத் திறந்தாள். அவளுடைய தோடு ஏற்கெனவே அடகில் இருந்தது. மோதிரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு திருமங்கலம் பஸ் ஏறினாள். சாயங்காலம் காயில் கட்டிய மோட்டாரோடு அப்பா வந்தார். ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. அந்த வருஷம் எங்களுக்குச் சோறு அந்த மோதிரத்திலிருந்து வந்தது என்று நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் “உன் மோதிரத்தை எடுத்துக்கிறேன்” என்று ஒரு வார்த்தை அம்மா என்னிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் அது என்னுடையது என்று வீட்டில் யாரும் ஒருநாளும் நினைக்கவில்லை. வட்டி கட்டமுடியாமல் பிறகு அது மூழ்கிப்போனது. மூழ்கியதற்கும் அம்மாதான் அழுதாள். தம்பி கொடுத்த நகையாயிற்றே. மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவாள், அவர் என் விரலைப் பார்த்துவிடக்கூடாது என்று. கொடுத்தவருக்குப் பயந்து நான் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. குழந்தைக்குக் கொடுத்த பரிசு செய்கிற வேலையா இது?

என் கல்லூரிக் கட்டணத்துக்கு அம்மாவின் சங்கிலி போனது. 1991இல் இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் நாடுகளின் மத்திய வங்கிகளில் ஈடு வைத்தது என்ற செய்தியை நான் பேப்பரில் படித்துக் காட்டியபோது, அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு வெகுநேரம் யோசித்துவிட்டு, “கவர்மெண்டுக்கே அவசரம்னு ஒண்ணு வருதில்ல” என்றாள். அதுவரை அடகுக்கடை ஏறிய அவமானத்தைச் சுமந்துகொண்டிருந்தவள் அன்றுதான் கொஞ்சம் இறக்கிவைத்தாள். முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறியவளுக்கு இந்தத் தேசம் அன்று துணை வந்தது.

போன தீபாவளிக்கு, 2025 அக்டோபரில், பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. அக்காவின் பேத்திக்கு ஆறு வயது. அக்கா நகைச்சீட்டுக் கட்டி முடித்து ஒரு கிராம் காசு எடுத்துவந்திருந்தாள். இப்போது ரோஸ் காகிதம் இல்லை, பிளாஸ்டிக் அட்டைக்குள் பதித்துக் கொடுக்கிறார்கள். குழந்தை நகத்தால் அட்டையைக் கீறிப் பார்த்தாள், முடியவில்லை என்றதும் பல்லால் கடித்தாள். மினுமினுக்கும் தாளுக்குள் காசு மாதிரி சாக்லெட் விற்கிறார்களே, அதுவென்று நினைத்திருக்கிறாள். “உள்ள சாக்லெட் இல்லையா, அம்மாச்சி?” என்று அவள் கேட்டதும் நாலு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து அதைப் பிடுங்கினோம். அவள் உதடு பிதுங்கியது. கொடுத்த அரை நிமிஷத்துக்குள் பிடுங்குகிற பரிசு வேறெதுவும் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நான் என் எண்ணத்தைச் சொன்னேன். அக்கா கணக்கோடு வந்தாள். “மாமா உனக்குப் போட்டாரே மோதிரம், அது இப்ப இருந்தா என்ன விலை தெரியுமா? 22,000 ரூவாய்க்கு மேல!” கணக்கு சரிதான். ஆனால் அது இல்லை. இருந்திருக்க வழியும் இல்லை. விலை ஏறும்வரை தொடாமல் வைத்திருக்க முடிகிற வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். எங்களைப் போன்ற வீடுகளில் தங்கம் தொடுவதற்காகவே இருந்தது, நல்லவேளையாக இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அது வீட்டின் பணம், தாயின் பணம். அதைக் குழந்தையின் பெயரில் எழுதிவைத்துப் பிறகு அவளுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளைக்குத் தங்கம் இல்லாமல் எப்படி என்பது அக்காவின் அடுத்த கேள்வி. நம் அரசாங்கமே அப்படித்தான் நினைத்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தார்கள், 2016இல் அதை 8 கிராமாக்கினார்கள். 2022இல் அதே அம்மையாரின் பெயரில் திட்டம் மாறியது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. எங்கள் ஊரில் இரண்டு பெண்கள் அதை வாங்குகிறார்கள். ஒருத்தி அந்தப் பணத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள். இன்னொருத்தி முதல் மாதம் தோழிகளோடு பரோட்டாக் கடைக்குப் போனாளாம், அவள் அம்மா என்னிடம் வந்து புகார் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரோட்டா சாப்பிட யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பார். அந்தப் பணம் உண்மையிலேயே அவளுடையது.

அக்காவும் நானும் அன்று மத்தியானம் வரை விடவில்லை. கடைசியில் அக்காவின் மகள்தான் தீர்த்துவைத்தாள். “அம்மா, காசை எனக்குக் குடு. என் பேர்ல வச்சுக்கிறேன். நாளைக்கு ஏதாவதுன்னா நான்தானே எடுக்கப்போறேன், அதை இப்பவே சொல்லிக் குடு.” அக்கா வெகுநேரம் மகளின் முகத்தையே பார்த்தாள். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, வளர்ந்த மகளுக்கு நேராக ஒரு கிராம் தங்கத்தைக் கையில் கொடுத்து, “இந்தா, உனக்கு” என்றாள். மகளுக்குக் கண் கலங்கியது. கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் தனக்கென்று ஒன்றும் தரவில்லை என்று சொன்னாள்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு நான் கடைத்தெருவுக்குப் போனேன். எதை வேண்டுமானாலும் கேள் என்றேன். மூன்று கடை ஏறி இறங்கி, அவள் ஒரு பம்பரமும் கயிறும் எடுத்தாள். முப்பது ரூபாய். பொம்பளைப் பிள்ளைக்குப் பம்பரமா என்று வீட்டில் அக்கா மறுபடி ஆரம்பித்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் பம்பரம் அடுப்படித் தரையில் ஒரு சில்லைப் பெயர்த்திருந்தது.

பொங்கலுக்குக் கம்மல் எடுக்கப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். குழந்தைக்குத்தான். எத்தனை கிராம் என்று கேட்டேன், சொல்லமாட்டேன் என்றுவிட்டாள். கடைக்குப் போகும்போது என்னையும் கூப்பிடு என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சேதாரத்தில் பேரம் பேச ஒரு ஆள் வேண்டும், பில்லை யார் பெயரில் போடுவது என்று இன்னொரு தடவை பேசிப் பார்க்கவும் வேண்டும்.